வாப்பா கட்டாருக்குப் போகவில்லை



இது நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு வாசியுங்கள். வாசிக்கும்போது சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எங்களுக்கு எங்கள் மேலேயே கோபம் வந்த பிறகுதான் இதை எழுதுகிறோம்.

"எங்களுக்கு" என்று சொல்வது ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற ஆசிரியர்களை. தரம் ஒன்று முதல் ஐந்து வரை உங்கள் பிள்ளைகள் ஒரு நாளில் பல மணித்தியாலம் இருப்பது எங்களோடுதான். அதனால் சில விசயங்கள் உங்களுக்கு முன் எங்களுக்குத் தெரியவரும்.

ஒரு பிள்ளையின் கதையிலிருந்து தொடங்குகிறோம். பெயர், பாடசாலை, ஊர் எதுவும் சொல்ல மாட்டோம். யார் என்று கண்டுபிடிக்கவும் வேண்டாம்.

தரம் இரண்டில் ஒரு மகன். வாப்பா கட்டாரில் வேலை. லீவில் வந்திருந்தார். வந்த மூன்றாவது கிழமை மோட்டார் சைக்கிள் விபத்தில் மௌத்தானார், இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். செய்தி வந்த கையோடு பிள்ளையைப் பக்கத்து ஊரில் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் கூட்டி வந்தார்கள். வீட்டில் வாப்பா இல்லை. "வாப்பா எங்க?" என்று கேட்டான். "கட்டாருக்குத் திரும்பிப் போயிட்டாரு மகன்" என்றார்கள்.

எவ்வளவு இலகுவான பொய் பாருங்கள். எங்கள் ஊர்களில் பாதி வாப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும்தானே இருக்கிறார்கள். உம்மாமாரும் இருக்கிறார்கள். போவதும் வருவதும் பிள்ளைகளுக்குப் பழகிப்போன விசயம். அதனால் அந்தப் பொய் ஏழு மாதம் ஓடியது.

ஏழு மாதமும் அவன் எங்கள் வகுப்பில்தான் இருந்தான். ஊர் முழுக்கத் தெரிந்த மௌத்து அது. பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாங்களும் ஜனாஸா வீட்டுக்குப் போனோம். வகுப்பில் அரைவாசிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரியாதது அவனுக்கு மட்டும்.

ஒருநாள் எங்களிடமே கேட்டான்: "டீச்சர், எங்கட வாப்பா எப்பவும் போகக்குள்ள கொஞ்சிட்டுத்தான் போவாரு. இந்த முற சொல்லாமப் போயிட்டாரு. நான் குழப்படி செஞ்சதாலயா?"

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "இல்ல மகன், இன்ஷா அல்லாஹ் வருவாரு" என்றோம்.

அல்லாஹ்வின் பெயரைச் சேர்த்துப் பொய் சொன்னோம். வீட்டார் கேட்டுக்கொண்டார்கள் என்பதற்காகச் சொன்னோம். ஒரு பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொன்னோம். இதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்கு உபதேசம் செய்ய எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

பிறகு ஒரு நாள், இன்னொரு மகனின் வாப்பா கட்டாரிலிருந்து வந்தார். அந்தப் பிள்ளை வகுப்புக்கு சொக்லட் கொண்டுவந்து பங்கு வைத்தான். எங்கள் மகன் அவனிடம் போய்க் கேட்டான்: "உங்கட வாப்பா எங்கட வாப்பாவக் கண்டாரா?"

அந்தப் பிள்ளையும் ஏழு வயதுப் பிள்ளைதான். உள்ளதைச் சொன்னான். "உங்கட வாப்பா மௌத்தாகிட்டாரே. எங்கட உம்மா சொன்ன."

இடைவேளை நேரம். தண்ணீர்க் குழாயடி. கையில் சொக்லட். ஒரு பிள்ளை தன் வாப்பாவின் மௌத்துச் செய்தியைக் கேட்ட இடம் அது.

அவன் அழவில்லை. அதுதான் எங்களை உலுக்கியது. அழாமல் வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு பல வாரங்கள் வீட்டில் யார் என்ன சொன்னாலும் நம்பவில்லை. உம்மா கடைக்குப் போய்வருகிறேன் என்றாலும் நம்பவில்லை. வாப்பா மௌத்தான துக்கத்தோடு, பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏமாற்றிய துக்கமும் அவனுக்குச் சேர்ந்துகொண்டது. முதலாவது அல்லாஹ்வின் நாட்டம். இரண்டாவது எங்கள் கை செய்தது.

இப்போது சொல்லுங்கள். "சின்னப் புள்ளைக்கு என்ன விளங்கும்?" என்று இனியும் சொல்வோமா?

எங்கள் ஊர்களில் ஒரு மௌத்து நடந்தால் எவ்வளவு அழகாக எல்லாம் நடக்கும்! ஒரு மணித்தியாலத்துக்குள் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தார் வந்துவிடுவார்கள். கபன் துணி வரும், சந்தூக்கு வரும், கபுறு வெட்ட இளைஞர்கள் போவார்கள். குளிப்பாட்ட ஆள் வரும். பக்கத்து வீட்டிலிருந்து மூன்று நாளைக்குச் சோறு வரும். எந்த ஊருக்கும் முன்மாதிரியாகச் சொல்லக்கூடிய ஒழுங்கு இது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அந்த வீட்டின் ஆறு வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று யாராவது பார்ப்பார்களா? பெரும்பாலும் அடுத்த வீட்டில், கையில் ஒரு போனோடு இருக்கும். மையித்துக்குப் பத்துப் பேர், பிள்ளைக்கு ஒருவரும் இல்லை. இதைத்தான் பிழை என்கிறோம்.

இனி, நாங்கள் ஊரில் வழக்கமாகக் கேட்கும் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

"வாப்பா நித்திரையாகிட்டாரு." இதைக் கேட்ட பிள்ளை அன்றிரவிலிருந்து தூங்கப் பயப்படும். உம்மா தூங்கினால் தட்டி எழுப்பும். பெரியவர்களுக்கு அது ஒரு பேச்சு வழக்கு. பிள்ளைக்குச் சொல்லுக்குச் சொல் அதுதான் அர்த்தம்.

"நல்ல மனுசரெண்டு அல்லாஹ் எடுத்திட்டான்." அப்படியென்றால் நல்ல பிள்ளையாக இருப்பது ஆபத்து என்று ஒரு பிள்ளை கணக்குப் போடும். உம்மாவும் நல்லவதானே, உம்மாவையும் எடுப்பானா என்று பயப்படும். படைத்தவன் மேல் அன்பு வர வேண்டிய வயதில் அச்சத்தை மட்டும் ஊட்டுகிறோம்.

"குழப்படி செஞ்சா உம்மாவும் போயிடுவா." இது வார்த்தையே இல்லை, கொடுமை. சிறு பிள்ளைகள் நடக்கிற எல்லாவற்றுக்கும் தாங்கள்தான் காரணம் என்று நினைக்கும் வயது அது. கோபத்தில் "வாப்பா போங்க" என்று சொன்ன பிள்ளை, தான் சொன்னதால்தான் வாப்பா போனார் என்று வருடக்கணக்கில் மனதுக்குள் வைத்திருக்கும். அந்த நெருப்பில் நாங்களே எண்ணெய் ஊற்றுகிறோம்.

"ஆம்பளப் புள்ள அழப்படாது. இனி நீதான் வீட்டுக்கு வாப்பா." ஏழு வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு குடும்பத்தையே ஏற்றிவிட்டுப் போகிறோம். அவன் தன் வாப்பாவை இழந்திருக்கிறான். பிள்ளையாக இருக்கும் உரிமையையும் சேர்த்துப் பறிக்கிறோம்.

"அழுதா மையித்துக்கு வேதன." இதை மார்க்கம் என்ற பெயரில் சொல்கிறார்கள். ஒப்பாரி வைத்து, உடையைக் கிழித்து, கன்னத்தில் அறைந்து அழுவதைத்தான் மார்க்கம் தடுத்தது என்று எங்கள் ஆலிம்கள் எத்தனை தடவை விளக்கியிருக்கிறார்கள்! கண்ணீரை யார் தடுத்தது? ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் சின்ன மகன் இப்றாஹீம் மௌத்தாகும் நேரம் அவர்கள் அழுதார்கள். நீங்களுமா என்று ஆச்சரியப்பட்டுக் கேட்ட ஸஹாபிக்கு, இது இரக்கம் என்றுதான் பதில் சொன்னார்கள். யஃகூப் அலைஹிஸ்ஸலாம் மகன் யூசுபை நினைத்து அழுது கண் பார்வையே மங்கியது. அவர்கள் அழகிய ஸபர் உள்ளவர்கள் என்றுதானே படிக்கிறோம்? அப்படியானால் ஸபர் என்பது வாயைப் பூட்டி வைப்பது இல்லை. அழுதுகொண்டும் ஸபராக இருக்கலாம்.

இன்னொரு சம்பவம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் கதையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். அனஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர். அவர் வளர்த்த ஒரு சிறு குருவி செத்துப்போனது. பிள்ளை சோகமாக இருந்தது. ரஸூலுல்லாஹ் அதைக் கவனித்தார்கள். அபூ உமைர் என்று பெயர் சொல்லி அழைத்து, அந்தக் குருவியைப் பற்றியே அவரிடம் கேட்டார்கள். ஒரு முழு சமூகத்தின் பொறுப்பும் தலைமேல் இருந்த மனிதர், செத்துப்போன ஒரு குருவிக்காக வருந்திய பிள்ளையிடம் போய்க் கதைத்தார்கள். "ஒரு குருவிதானே" என்று சொல்லவில்லை. "வேற ஒண்டு வாங்கித் தாறேன்" என்று வாயை அடைக்கவில்லை.

குருவிக்கே அப்படியென்றால் வாப்பாவுக்கு? உம்மாவுக்கு? அவர்களும் யத்தீமாக வளர்ந்தவர்கள். பிறக்கும் முன்னே வாப்பா இல்லை. ஆறு வயதில் உம்மா மௌத்து. எட்டு வயதில் பாட்டனார் மௌத்து. அந்த வயதில் இழப்பு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அவர்களின் உம்மத்தாகிய நாங்கள் யத்தீமுக்கு என்ன செய்கிறோம்?

மேடை போடுகிறோம். பெனர் கட்டுகிறோம். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி "அநாதைப் பிள்ளைகள்" என்று அழைக்கிறோம். புத்தகப்பையைக் கையில் கொடுத்து, கெமராவைப் பார் என்கிறோம். அடுத்த நாள் அந்தப் படம் முகநூலில் வருகிறது. அதே பையோடு அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது மற்றப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுங்கள், இன்னும் கூடுதலாகக் கொடுங்கள். படம் இல்லாமல் கொடுங்கள். மையவாடியில் அழும் பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்து, மேலே ஒரு துஆவை எழுதிப் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். அது உங்கள் பிள்ளையாக இருந்தால் போடுவீர்களா?

"எங்கட காலத்தில இதெல்லாம் இருந்ததா? நாங்க வளரல்லையா?" என்று சிலர் கேட்பீர்கள்.

வளர்ந்தோம். எப்படி வளர்ந்தோம் என்று பார்ப்போமா?

இதை எழுதுகிற நாங்கள் 2004 டிசம்பர் 26 அன்று பாடசாலைப் பிள்ளைகள். இந்தக் கரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மறுபடி பாடசாலை திறந்தபோது மேசைகள் வெறுமையாக இருந்தன. இடாப்பில் பெயர் கூப்பிடும்போது சில பெயர்களைத் தாண்டிப்போனார்கள். ஏன் தாண்டுகிறீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், படம் கீறச் சொன்னார்கள், எல்லோரும் அலையைக் கீறினோம். பிறகு அவர்கள் போய்விட்டார்கள். எங்கள் பெரியவர்கள், அவர்களும் உடைந்துபோனவர்கள்தான், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எங்கள் வயதுக்காரர்களில் இன்றுவரை கடற்கரைக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். தங்கையின் பெயரை வாயால் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். இப்போது அவர்களுக்கும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் கேட்கும்போது இவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வளர்ந்தோம் என்பதும் ஆறினோம் என்பதும் ஒன்றில்லை.

1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த எங்கள் சகோதரர்களின் பிள்ளைகள் வீட்டையும் ஊரையும் இழந்தார்கள். 2020, 2021இல் கொரோனாவில் மௌத்தானவர்களின் உடலை எரித்தபோது, வாப்பும்மாவுக்குக் கபுறு எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகள் அடிபட்டுப் போனபோது, எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பல நாள் தண்ணீரைப் பார்த்தே பயந்தார்கள். இவ்வளவு இழப்பைக் கண்ட சமூகத்துக்கு ஒரு பிள்ளையோடு மௌத்தைப் பற்றிக் கதைக்கத் தெரியவில்லை என்றால், அது எங்கள் எல்லோரின் தோல்வி.

ஆசிரியர் கலாசாலையில் பியாஜே படித்தோம். எந்த வயதில் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினோம். ஐந்து வயதுக்குள் மௌத்து என்பது திரும்பிவரக்கூடிய ஒன்று போலத்தான் தெரியும். ஏழு எட்டு வயதில் திரும்பி வரமாட்டார்கள் என்று விளங்கத் தொடங்கும். ஒன்பது பத்து வயதில் எல்லோருக்கும் இது வரும், எனக்கும் வரும் என்பது வரை விளங்கும். இதெல்லாம் கொப்பியில் இருந்தது. திங்கட்கிழமை காலை வாப்பாவை இழந்த பிள்ளை வகுப்பு வாசலில் நிற்கும்போது முதல் வார்த்தையாக என்ன சொல்வது? அது கொப்பியில் இருக்கவில்லை. அதனால் நாங்களும் பிழை விட்டோம். "வாப்பாட சைன் வாங்கிட்டு வா" என்று வாப்பா இல்லாத பிள்ளையிடம் சொன்னோம். தகவல் படிவம் நிரப்பும்போது "வாப்பாட தொழில் என்ன?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சத்தமாகக் கேட்டோம். இத்தாவில் இருக்கும் உம்மாவைக் கூட்டத்துக்கு வரச் சொன்னோம். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது என்று, மௌத்து வீட்டிலிருந்து நாலாம் நாள் வந்த பிள்ளைக்கு வினாத்தாள் கொடுத்தோம். வகுப்பில் கவனம் இல்லை என்று ஏசினோம்.

இன்னொன்று. வீட்டில் பிள்ளை அழாமல் விளையாடினால் "பாருங்க, வாப்பாட நினைப்பே இல்ல" என்கிறார்கள். பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான். ஐந்து நிமிடம் அழும், பிறகு பந்து விளையாடும், இரவில் மறுபடி அழும். பெரியவர்களைப் போல ஒரே மூச்சில் தாங்க அந்தச் சின்ன நெஞ்சுக்குச் சக்தி இல்லை. வயிறு வலிக்கிறது என்று சொல்லும், விட்டுப்போன பழக்கமாகப் படுக்கையில் சிறுநீர் போகும், உம்மாவின் முந்தானையை விடாது. அதற்கு அடிக்காதீர்கள். கண்ணால் வரமுடியாத அழுகை உடம்பால் வருகிறது.

சரி, என்ன செய்வது? இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

வீட்டாருக்கு:

முதலாவது, உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மிகவும் நெருக்கமானவர் அன்றைக்கே சொல்ல வேண்டும். "மகன், வாப்பா மௌத்தாகிட்டாரு. அவருட உடம்பு இனி வேல செய்யாது. மூச்சு விட மாட்டாரு, அவருக்குப் பசிக்காது, நோகாது. திரும்பி வர மாட்டாரு. அல்லாஹ்ட்ட போயிட்டாரு. நாங்க அவருக்கு துஆ கேட்போம்." இவ்வளவுதான். மழைக்காலத்தில் ஒரு மகள் எங்களிடம் கேட்டாள்: "கபுறுக்குள்ள உம்மா நனைவாவே டீச்சர்?" உடம்புக்கு இனிக் குளிராது என்று சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. பிள்ளைகளுக்கு இப்படியான கேள்விகள்தான் வரும். ஏசாமல் பதில் சொல்லுங்கள். நூறு தடவை கேட்டாலும் சொல்லுங்கள்.

இரண்டாவது, "உன்னால இல்ல" என்று வாயால் சொல்லுங்கள். பிள்ளை கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கேட்காத பிள்ளைதான் கூடுதலாக நினைத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, "உன்ன யார் பாக்கிற" என்பதைச் சொல்லுங்கள். யார் பாடசாலைக்குக் கூட்டிப் போவது, யார் சோறு தீத்துவது, எங்கே படுப்பது. இது சுயநலம் இல்லை, பிள்ளையின் பயம்.

நான்காவது, மையித்தின் முகத்தைப் பார்க்க விரும்பினால் காட்டுங்கள், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு. விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வேறு ஊருக்கு அனுப்பாதீர்கள். இத்தா இருக்கும் உம்மாவிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காதீர்கள். நாலு மாதம் பத்து நாள் என்பது சொந்தப் பிள்ளையைத் தூர வைக்கும் காலம் இல்லை. அந்த உம்மாவுக்கும் பிள்ளையின் சூடு தேவை.

ஐந்தாவது, மௌத்தானவரின் பெயரை வீட்டில் சொல்லுங்கள். பெருநாள் காலையில் "வாப்பா இருந்தா இந்த நேரம் என்ன செய்வாரு" என்று கதையுங்கள். அழுகை வந்தால் பிள்ளை முன்னாலேயே அழுங்கள். பெரியவர்களும் அழுவார்கள், அழுதுவிட்டு எழும்புவார்கள் என்று பிள்ளை பார்த்துப் பழகட்டும்.

பாடசாலைக்கு, அதாவது எங்களுக்கு நாங்களே:

மௌத்து அறிவிப்புக் கேட்டதும் அந்த வீட்டில் எங்கள் பிள்ளை இருக்கிறதா என்று பார்ப்போம். பிள்ளை வகுப்புக்கு வரும் முன் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போவார். மற்றப் பிள்ளைகளுக்கு, என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்று முதலே சொல்லிவைப்போம். "வாப்பா" என்பதற்குப் பதில் "வீட்டில ஒருத்தர்" என்று சொல்லப் பழகுவோம். அழ வந்தால் வெளியே போய்வர அனுமதி கேட்கத் தேவையில்லை என்று சொல்வோம். எங்களிடம் பொய் சொல்லச் சொல்லும் வீட்டாரிடம், "எங்களால் ஏலாது" என்று மரியாதையோடு சொல்வோம்.

பள்ளி நம்பிக்கையாளர் சபைகளுக்கும் ஜனாஸாச் சங்கங்களுக்கும்: கபுறு வெட்ட ஆள் வைத்திருக்கிறீர்கள். ஜனாஸா வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் அன்று முழுக்க இருப்பதற்கு ஒருவரையும் வையுங்கள். வருடத்தில் ஒரு ஜும்ஆவாவது இதைப் பற்றிக் குத்பா வரட்டும். மௌலவிமாரே, நாங்கள் சொன்னால் "டீச்சர்மார் பெரிசாப் படிச்சிட்டாங்க" என்பார்கள். மிம்பரிலிருந்து நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

மாதங்கள் போயும் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் கதைக்காமல் இருந்தால், அல்லது "நானும் மௌத்தாகப் போறன்" என்று சொன்னால், ஊதிப் பார்த்துத் தண்ணீர் ஓதிக் கொடுத்ததோடு நிற்காதீர்கள். துஆவும் கேட்போம், வைத்தியரிடமும் போவோம். ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குப் போவது பைத்தியத்துக்கு இல்லை. 1926 தேசிய உளநல உதவி இலக்கம். 1929 சிறுவர் உதவி இலக்கம். இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

கடைசியாக அந்த மகனைப் பற்றி. நாங்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பெரியவர்கள் சிறியவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையும் என்று நினைத்திருந்தோம். குறையவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "இனி பொய் சொல்ல மாட்டீங்கதானே டீச்சர்?"

மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை மாமா அவனை மையவாடிக்குக் கூட்டிப் போனார். கபுறுக்குப் பக்கத்தில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு, ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தானாம். அன்றிரவு நன்றாகத் தூங்கினான் என்று உம்மா சொன்னார்.

அந்த அழுகையை ஏழு மாதம் தடுத்து வைத்தது நாங்கள்தான். இந்த ஊரில் இன்றைக்கும் எங்கோ ஒரு பிள்ளை "வாப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வீட்டைத் தெரிந்தவர்கள் இதை வாசித்தால், இன்றிரவே போய் அந்த உம்மாவோடு கதையுங்கள். உண்மையைச் சொல்ல அவருக்குத் துணையாக இருங்கள்.

யா அல்லாஹ், எங்கள் மௌத்தாகிவிட்டவர்களை மன்னிப்பாயாக. அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளின் விசயத்தில் எங்களை நேர்மையானவர்களாக ஆக்குவாயாக. ஆமீன்.